விட்டுப்போன இரண்டு மாதம்

முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, பள்ளி வேன் வரும் நேரத்துக்குக் கேட்டருகே போய் நிற்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் நம்மிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்டாலும் நமக்குச் சொல்லத் தெரியாது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அந்தப் பத்தாவதையும் எப்படி எட்டினேன் என்பது இத்தனை வருஷமாக எனக்கே மறந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை என் மருமகள் என்னிடம் யோசனை கேட்டதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது.

அடையாறு வீட்டில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேஜையின் மேல் மூன்று காகிதங்கள். பேத்தி ஏழாவது படிக்கிறாள். கணக்கில் நூற்றுக்கு இருபத்திரண்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்தை, நீங்களும் பாருங்க. இது தி.நகர்ல ஒரு சென்டர். ஏசி, வாராவாரம் டெஸ்ட் வெப்பாங்க. இது டேப்லெட்ல பாத்துப் படிக்கிறது. மூணாவது, மந்தைவெளில ஒரு மேடம், அவங்க வீட்டு ஹால்லயே சொல்லித் தராங்க" என்றாள் மருமகள்.

"நல்லதுதான. அப்புறம் இன்னாம்மா யோசன?"

"அந்த மேடம் சேத்துக்கறேன்னே சொல்ல மாட்டேங்கறாங்க அத்தை. மொதல்ல ஒரு மணி நேரம் கொழந்தையோட உக்காந்து பாக்கணுமாம். சொல்லிக் குடுக்கறவங்களுக்குக் கணக்கு தெரிஞ்சா போதாதா? கொழந்தைகிட்ட இவங்க என்ன கேக்கப் போறாங்க?"

இதே பேச்சை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தி.நகரில் ஒரு வீட்டு வாசலில் என் அம்மா பேசினாள். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நாளைக்குக் கோயிலுக்குப் போய்ட்டு வந்து சொல்றேம்மா" என்று எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் என் வீட்டுக்காரரின் துண்டு; அதற்குள் சுற்றி வைத்த அவருடைய ஃபோன். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்தக் கொடுமையான வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அதை எடுத்துத் துடைத்து, பழையபடி சுற்றி வைப்பேன். அன்றும் அப்படியே செய்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருந்தோம். ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம். நைனா தச்சு வேலை செய்தார். வாசலை ஒட்டிய நடையில்தான் அவருடைய வேலைப் பலகை. வார்னிஷ் வாசனையும் தேக்குத்தூள் வாசனையும் அம்மா காட்டும் கற்பூர வாசனையும் கலந்து எங்கள் சட்டையிலேயே ஊறிப் போயிருக்கும். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலைக் காதில் மாட்டிக்கொண்டு தங்கச்சி கம்மல் போட்டவள் மாதிரி தலையை ஆட்டுவாள். மிச்சச் சீவலில் அம்மா வெந்நீர் போடுவாள்.

நைனாவிடம் ஒரு மடக்கு ஸ்கேல் இருந்தது. மஞ்சள் மரம், பித்தளைக் கீல், விரித்தால் இரண்டடி. வேலை இல்லாத நேரத்தில் சட்டைப் பையில் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் வருஷம் முழுக்கக் கீலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாங்கள் தொடக் கூடாது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும்.

நான் ஏழாவது படித்தபோது கணக்கு எனக்குச் சுத்தமாக வரவில்லை. எட்டு, ஒன்பது என்று மார்க் வரும். தமிழும் சமூகவியலும் நன்றாகவே வந்ததால், கணக்கில் மட்டும் நான் சோம்பேறித்தனம் செய்வதாகத்தான் வீட்டில் நினைத்தார்கள். காலாண்டு பேப்பரைப் பார்த்த அன்று நைனா கோபப்படவில்லை. பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, பலகைக்கு அளவு சொல்வதுபோல் சொன்னார்.

"டியூசன் வெச்சித் தரேன். அதுக்கும் மேல முழுப் பரீச்சைல கணக்குல போச்சுன்னா இஸ்கூல் போதும். அத்தகூட அப்பளம் இடப் போய்டு."

அத்தை மந்தைவெளியில் ஒரு அப்பளக் கம்பெனியில் இருந்தாள். காலையில் போய் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை உருட்டல்தான். அவளுடைய உள்ளங்கை பலகைபோல் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் நைனா ஒரு வார்த்தை சொன்னால் அது அறுத்த மரம்தான். மறுபடி நீட்ட முடியாது. எனக்குப் படிக்க வேண்டும் என்று பெரிய ஆசையெல்லாம் இருந்ததா என்றால், தெரியாது. ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாசலை விட்டுவிட மாட்டேன் என்கிற பிடிவாதம் மட்டும் இருந்தது.

டியூஷனுக்கு இரண்டு இடம் சொன்னார்கள். ஒன்று, மந்தைவெளியில் ஒரு கார் ஷெட்டில் ஒரு சார். நாற்பது பிள்ளைகள். போன வருஷம் எல்லோரும் பாஸ் என்று பேச்சு. இன்னொன்று, தி.நகரில் ஒரு அம்மா. நாலே பேருக்குத்தான் சொல்லித் தருவார். பஸ் ஏறி அங்கே போனோம். அவர் என்னைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, "பொண்ண ஒரு மணி நேரம் எங்கிட்ட விட்டுட்டுப் போங்கோ. எந்த எடத்துல நிக்கறாள்னு பாத்துண்டு சொல்றேன்" என்றார். அம்மா என்னைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். வாசலில் இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது! இதுக்குத் தெரியலன்னுதான இட்டாந்தேன். இதுகிட்டயே கேக்குறேன்றாங்க. சொல்லித் தரவங்களுக்குக் கணக்கு தெரிஞ்சா போதாதா?"

நைனாவுக்குக் கார் ஷெட் சார்தான் சரியென்று பட்டது. அம்மாவுக்கு அதிலும் முழு மனசில்லை; நாற்பது பேரில் ஒரு பெண் என்றாள். அதனால் எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மனிடமே கேட்பது என்று முடிவானது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் வைத்து, நூல் கட்டிப் பொட்டலமாக்கி, அம்மன் கோயில் படியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் தி.நகர், சிவப்பு வந்தால் கார் ஷெட். எடுப்பதற்கு என் தங்கச்சி. அவள் அப்போது ஐந்தாவது. கண்ணை இறுக மூடிக்கொண்டு போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிவப்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரொம்ப வருஷம் கழித்து, தன் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சி எனக்கு உண்மையைச் சொன்னாள். "இன்னொண்ணு மேல கட்டெறும்பு ஓடிக்கினு இருந்துச்சுக்கா. கண்ண லேசா தொறந்துதான் பாத்தேன். கடிச்சிடும்னு இத எடுத்துட்டேன்." சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இதற்காக அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் பெரிய காரியம் எதற்கும் பூ போட்டுப் பார்த்துத்தான் செய்கிறேன். யாரிடம் அனுப்பலாம் என்று அம்மனைக் கேட்டோம். இவளுக்கு என்ன தெரியவில்லை என்று எங்களில் ஒருவர்கூட யாரிடமும் கேட்கவில்லை. பிசகு அங்கே.

கார் ஷெட் சார் நல்லவர். கையில் பிரம்பு இருக்கும். ஆனால் மேஜையைத்தான் அடிப்பார். மேஜை அதிர்ந்தால் நாற்பது பேரும் ஒரே குரலில் சூத்திரம் சொல்வோம். எண்ணெய் படிந்த தரையில் சாக்கு விரித்திருப்பார்கள். எழுந்து வந்தால் பாவாடையில் பெட்ரோல் வாசனை. பள்ளிக்கூடத்தில் அடுத்த வாரம் நடத்தப்போவதை சார் இந்த வாரமே நடத்திவிடுவார். சராசரி, விகிதம் என்று போர்டு நிரம்பும். ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாது. ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போர்டில் இருப்பதை அப்படியே, அடிக்கோடு உட்பட, இறக்கிவிடுவேன். சார் 'நன்று' போடுவார். நைனா அந்த நோட்டை, கட்டில் ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

அரையாண்டில் ஒன்பது மார்க்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடி, மெதுவான குரல். என் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாத்துலயும் ஒரே எடத்துல தப்பு பண்றாம்மா. பின்னம் வந்தாலே நின்னு போய்டறா. முன்னாடி எப்பவாவது ரொம்ப நாள் லீவு போட்டாளா?"

அம்மாவின் கை என் மணிக்கட்டை அழுத்தியது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

"ஒடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க."

வெளியே வந்தோம். மாட வீதியில் காய்காரிகள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வேகவேகமாக நடந்தாள். அம்மன் கோயில் வாசலில் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஐந்தாவது படித்தபோது இதே தை மாதம். எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து.

முதலில் எனக்குத்தான் முத்து போட்டது. எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தின நாள் தங்கச்சிக்கு. அவளுக்கு இறங்கியதும் அம்மாவுக்கு. அம்மன் வந்திருக்கும் வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது. தாளிக்கவில்லை, தலை வாரவில்லை. இளநீரும் மோர்ச் சோறும். வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தை போய் மாசியும் போனது. கடைசியில் கூழ் ஊற்றி அம்மனை வழியனுப்பினோம். நான் திரும்பிப் போனபோது போர்டில் ஒரு எண் இன்னொரு எண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு கோடு. அது என்ன என்று கேட்க எனக்கு வெட்கம். அந்த வருஷம் எல்லோரையும் பாஸ் போட்டார்கள்.

"அம்மா, அப்பதாம்மா பின்னம் நடத்தியிருப்பாங்க. ரெண்டு மாசம் போவலயே. ஏம்மா இல்லன்ன?"

"வாய மூட்றீ!" அம்மா குரலை இறக்கினாள். "அவ வந்தது நம்ம புண்ணியம். வந்தவளப் போயி லீவு, ஒடம்பு சரியில்லன்னு எவளாச்சும் சொல்லுவாளா? கேட்டுக்கினு கீறா அவ."

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் குடியில் அதை நோய் என்று சொல்கிற வழக்கமே இல்லை. வந்த தெய்வத்தால் குழந்தைக்கு ஒன்று நஷ்டமானது என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால் அந்த இரண்டு மாதம் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் எனக்கு மட்டும் அன்றைக்கு நெஞ்சில் ஒரு தெளிவு வந்தது. நான் மக்கு இல்லை. எனக்கு இரண்டு மாதம்தான் இல்லை. அதைப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும்.

முழுப் பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருந்தது. அன்று சாயந்திரமே தங்கச்சியின் பையைத் திறந்தேன். அவளுடைய வகுப்பில் பின்னம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"என் புஸ்தகத்துல உனக்கு இன்னா வேல?" என்று பிடுங்கினாள்.

"எனக்குச் சொல்லிக் குடுடி."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இன்னாக்கா, இதுகூடவா உனக்குத் தெரியாது? ஏழாவது படிக்கிற!" என்று வாசல் வரைக்கும் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். பிறகு நிபந்தனை போட்டாள். தினமும் அவளுக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிட வேண்டும். அவள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். முக்கியமாக, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"டீச்சர், உள்ள வரலாமா?"

"லேட்டு. வெளிய நில்லு."

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு அறை விட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பளக் கம்பெனியை நினைத்துக்கொண்டேன். சொல்லிக் கொடுப்பதிலும் அவள் விடாக்கண்டி. கோட்டுக்குக் கீழே இருப்பது எத்தனை துண்டு போட்டோம் என்பது. மேலே இருப்பது அதில் எத்தனை எடுத்தோம் என்பது. இதை ஒரு வாழைக்காயை நறுக்கிக் காட்டி, அம்மாவிடம் அடியும் வாங்கினாள். ஆனால் கீழே வேறு வேறு எண் வந்தால் எப்படிக் கூட்டுவது என்பது அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. "டீச்சர் சொன்னாங்க, கீழ ஒண்ணா இருக்கணுமாம். ஏன்னு கேக்காத" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நைனா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். வேலைப் பலகைமேல் மடக்கு ஸ்கேல் விரித்தபடியே கிடந்தது. கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு அதைத் தொட்டேன். ஒரு இஞ்ச்சுக்குள் எட்டுக் கோடு. அந்த எட்டில் ஒரு பங்கைத் தச்சு வேலைக்காரர்கள் 'நூல்' என்பார்கள். நைனா நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை. ரெண்டு நூல் கால் இஞ்ச், நாலு நூல் அரை இஞ்ச், ஆறு நூல் முக்கால். இதைப் பாலோடு சேர்த்துக் குடித்தவள் நான். எட்டுக் கோடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எட்டுத் துண்டு. அதில் ஆறு எடுத்தால் முக்கால்.

"ஏய், முக்காலையும் மூணு நூலையும் எப்படிடி கூட்டுவ?"

"பகுதி வேற வேற" என்றாள் தங்கச்சி.

"முக்கால நூலாக்கு. எல்லாம் நூலாய்டுச்சுன்னா கூட்டலாம்ல? அதுதான்டி கீழ ஒண்ணாவுறது!"

நான் கத்தின கத்தலில் நைனா எழுந்துவிட்டார். ஸ்கேல் என் கையில். தங்கச்சி பலகைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"யார்ரா அது, ஸ்கேல்ல கை வெக்கறது?"

ஸ்கேலைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டேன். "நைனா, முக்கால் இஞ்ச்சு, அதுகூட மூணு நூலு. எவ்ளோ?"

"ஒரு இஞ்ச்சு ஒரு நூலு." யோசிக்கவே இல்லை அவர். "இன்னாத்துக்கு?"

நான் அவருடைய பென்சிலாலேயே சீவி வைத்திருந்த ஒரு பலகைமேல் எழுதினேன். முக்காலை எட்டில் ஆறு என்று மாற்றி, மூன்றைக் கூட்டி, ஒன்பதில் எட்டுப் போக ஒன்றே எட்டில் ஒன்று. நைனா குனிந்து பார்த்தார்.

"இதுவாம்மே உன் கணக்கு? இதுக்காம்மே ஒம்போது மார்க்கு வாங்கினு வந்த?"

"ஆமா நைனா."

"இத்தினி நாளு ஏன் வர்ல?"

பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஆத்தா நம்ம வூட்டுக்கு வந்துச்சு இல்ல நைனா, அப்ப நடத்தினதாம். அக்காவுக்கு அந்த ரெண்டு மாசம் வுட்டுப்போச்சு."

சமையல் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நிலையில் நின்றாள். நைனா ஸ்கேலை வாங்கி, மடக்கி, மறுபடி விரித்து, என் கையிலேயே வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். பூ எதுவும் போடவில்லை. சன்னிதியில் ரொம்ப நேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க கேட்டப்போ இல்லன்னுட்டேன். தப்புதான். இவ அஞ்சாவது படிக்கசொல்ல ஆத்தா எங்க வூட்டுக்கு வந்தா. முழுசா ரெண்டு மாசம் இருந்தா. இவ இஸ்கூலுக்கு வர்ல. அத எப்டியாச்சும் சொல்லிக் குடுங்க. அவகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கினேன்."

ஆத்தா என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சர் காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டார். அதை நான் பார்த்தேன். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு மாசந்தான? எடுத்துடலாம்" என்றார்.

தையல் பீரியடில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய் உட்கார ஏற்பாடானது. கடைசி பெஞ்ச். என் முட்டி இடித்தது. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. முன் பெஞ்சிலிருந்து தங்கச்சி மட்டும் ஏதோ அவளே பள்ளிக்கூடம் நடத்துவதுபோல் பெருமையாகத் தலையாட்டினாள். கார் ஷெட் டியூஷனை நிறுத்திவிட்டோம். முகம் சிவக்கச் சிவக்க அந்த பெஞ்சில் மாசி முழுக்க உட்கார்ந்தேன். பங்குனித் தேருக்கு ஊரே திரண்டிருக்க, நான் வீட்டில் ஸ்கேலோடு இருந்தேன். தேர் எங்கள் சந்து முனையைத் தாண்டும்போது மட்டும் ஓடிப்போய், கும்பிட்டுவிட்டு வந்தேன்.

முழுப் பரீட்சையில் நாற்பத்தாறு. பெரிய மார்க் இல்லை. நைனா பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து, மரத்தின் நேர் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பி, "அத்தகிட்ட சொல்லிடு, அவ வேற ஆளு பாத்துக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். நான் பத்தாவது வரைக்கும் போனேன். அந்த ஸ்கேல், ஆதம்பாக்கத்துக்கு வீடு மாறினபோது எங்கேயோ போய்விட்டது. வண்டியிலிருந்து விழுந்திருக்கும். இப்போது ஆதம்பாக்கத்தில் இருப்பது தங்கச்சிதான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு மறுநாள் காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். மருமகளிடம் மந்தைவெளி மேடத்திடமே போகலாம் என்றேன். "கொழந்தைகிட்ட கேக்கறேன்னு சொல்றாங்க பாரு, அதுக்கே போலாம்மா." அவள் குளிக்கப் போன நேரத்தில் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"எது வரைக்கும்டா புரிஞ்சுது உனக்கு?"

"கூட்டல், கழித்தல், பெருக்கல்லாம் ஓகே ஆயா. வகுத்தல்தான். அது எப்ப நடத்தினாங்கன்னே எனக்குத் தெரில."

"எந்த வகுப்புல நடத்தியிருப்பாங்க?"

"தர்டுல. தாத்தா ஃபோன்லதான ஆயா கிளாஸ் வரும்…" நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அப்புறம் தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாரு."

மகனுக்கும் மருமகளுக்கும் அவரவர் ஃபோனில் ஆபீஸ் வேலை. குழந்தைக்கு வகுப்பு நடந்தது அவர் ஃபோனில். அது அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. பிறகு ஒரு பையில் போட்டு எங்களிடம் திரும்பி வந்தது. வந்ததை வாங்கித் துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினவள் நான். அதற்குள் ஒரு குழந்தையின் வகுப்பு இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு ஃபோன் வாங்க இரண்டு மாதம் ஆனது. அந்த வீட்டில் அப்போது யார் வகுத்தலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

"ஏன்டா கண்ணு, இத யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நீ அழுவல்ல?"

அன்று சாயந்திரம் மூவரும் மந்தைவெளிக்குப் போனோம். மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். ஹாலில் ஒரு சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. பேத்தியின் நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வகுத்தல் வர்ற எடத்துல எல்லாம் விட்டுட்டுப் போறா. நடுவுல எப்பவாவது ரொம்ப நாள் கிளாஸ் விட்டுப்போச்சா?"

மருமகள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நல்ல பெண். என் முன்னால் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று நாலு வருஷமாக ஒரு விரதம்போல் இருக்கிறாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்றாள்.

என் அம்மாவின் குரலே காதில் விழுந்தது. என் கை பேத்தியின் மணிக்கட்டில் இருந்தது. அழுத்தவில்லை. அம்மனை மனசில் நினைத்துக்கொண்டேன்.

"விட்டுப்போச்சும்மா" என்றேன். "மூணாவது படிக்கசொல்ல. ரெண்டு மாசம். எங்க வீட்டுக்காரர் தவறிட்டார். கிளாஸு வந்த ஃபோன நான் பீரோல வெச்சிப் பூட்டிட்டேன்."

மருமகள் "அத்தை" என்று என் தோளைப் பிடித்தாள். நான் அழவில்லை. அழக் கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். பேத்தி என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "அப்ப மூணாவதுல இருந்தே ஆரம்பிச்சிடலாம். என்ன, வெக்கமா இருக்குமா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"எங்க ஆயாவே அஞ்சாங்கிளாஸ்ல போய் உக்காந்திருக்காங்களாம். வர்ற வழில சொன்னாங்க" என்றாள் அவள்.

மூன்று வாரம் ஆகிறது. மேடம் அன்றன்றைக்கு நாலு வகுத்தல் அனுப்புகிறார். அது வருவது என் வீட்டுக்காரர் ஃபோனில். எடுத்துச் சார்ஜ் போட்டுப் பேத்தி கையில் கொடுத்துவிட்டேன். சந்தேகம் வந்தால் அதிலேயே ஆதம்பாக்கத்துக்குக் கூப்பிடுகிறாள். டீச்சர் என்று கூப்பிடாவிட்டால் அந்தப் பக்கம் பதில் வராது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டுப் பழக்கத்தில் போய் பீரோவைத் திறந்தேன். துண்டு மட்டும் இருந்தது. உதறி, மடித்து, வைத்தேன்.